பழைய தழும்பில் புடைப்பா? மறைக்காதீங்க!



சிசேரியன், கர்ப்பப்பை ஆபரேஷன், குடல்வால் ஆபரேஷன் என்று நம்மில் பலருக்கு வயிற்றில் ஒரு தழும்பு உண்டு. ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலோ, வருஷங்கள் கழித்தோ அந்தத் தழும்பில் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு வரலாம். இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போகும். வாயு என்று நினைத்துக் கஷாயம் குடிப்போம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்று நடப் போவோம். ஆனால் இது வாயு இல்லீங்க, குடலிறக்கம். டாக்டர்கள் ஹெர்னியா என்பார்கள்.

ஏன் வருகிறது?

தையல் போட்ட இடத்தில் வயிற்றுச் சதை சரியாகக் கூடாவிட்டால் சந்து விழும். அதன் வழியாகக் குடல் பிதுங்கும். புண்ணில் சீழ் வைத்தவர்கள், உடல் பருமன், சர்க்கரை, ஓயாத இருமல், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இந்தச் சந்தை மாத்திரையோ மருந்தோ மூடாது.

என்ன சிகிச்சை?

கிழிந்த சாக்கை நூலால் மட்டும் தைத்தால் மறுபடி பிரியும். ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் தாங்கும். வயிறும் அப்படித்தான். நெதர்லாந்து டாக்டர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 100-க்கு 43 பேருக்கு மூன்று வருஷத்தில் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 24 பேருக்குத்தான் வந்தது.

அந்த வலையைச் சிறு துளை வழியாகவும் வைக்கலாம். அமெரிக்க டாக்டர்கள் இதை 1993-ல் வெளியிட்டார்கள். நமக்கும் துளை போடுவது புதிதில்லை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் பார்த்ததுதான். முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் காற்று நிரப்பி, கேமரா வழியாக டி.வி.யில் பார்த்தபடி குடலை உள்ளே எடுத்து, சந்தின் மேல் வலையைப் பொருத்துவார்கள். பெரிய காயம் இல்லாததால் சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம்.

ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. சந்து பெரிதாக இருந்தாலோ, குடல் பழைய தழும்பில் ஒட்டியிருந்தாலோ திறந்துதான் செய்ய வேண்டிவரும். ஒட்டிய குடலைப் பிரிக்கும்போது காயம் படவும் கூடும். இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது?

வில்லியனூர், பாகூர் பகுதியினர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். பெரிய ஆபரேஷனுக்குப் புதுச்சேரி இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர் இருக்கின்றன. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

இது அவசரம்!

புடைப்பு கல்லாகி உள்ளே போகாமல் நின்றாலோ, கடும் வலி, வாந்தி இருந்தாலோ, மலமும் காற்றும் பிரியாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அமுக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகி, உயிருக்கே ஆபத்தாகும்.

ஆபரேஷன் ஆனவர் டாக்டர் சொல்லும்வரை குடமோ மூட்டையோ தூக்கக் கூடாது. அந்த நாட்களில் அவர் வீட்டுத் தண்ணீரை நாம் முறை வைத்து எடுத்துக் கொடுப்போம். அடுத்த கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் இதையும் பேசுவோமே!