நாலு மணி நேரம்தானே என்று நினைக்காதீர்கள்!

மகனோ மகளோ சிங்கப்பூரில் இருக்கும் வீடுகள் நெய்வேலி நகரியத்தில் நிறைய. பேரன், பேத்தியைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்கள் என்னிடம் சொல்வது இதுதான்: "மெட்ராஸ்ல ஏறினா நாலு மணி நேரத்துல போயிடலாமாம். இதுக்குப் பெரிசா என்ன ஏற்பாடு டாக்டர்?"

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறக்கும். ஆனால் உடம்பு போடும் கணக்கு வேறு. நெய்வேலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு சுமார் 200 கிலோமீட்டர். காரில் 4 மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு வீடு போய்ச் சேர 2 மணி நேரம். ஆக மொத்தம் 13 மணி நேரம்! அதில் பெரும்பகுதி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியேதான்.

காலில் ரத்தக்கட்டி

4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் தெரிவித்தது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். சாதாரணமாக இது அரிதுதான். ஆனால் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், மிகப் பருமனானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

தண்ணீருக்குப் பயப்படாதீர்கள்

"பாத்ரூம் போகணுமே" என்று பல தாய்மார்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. சிறுநீரும் தாகமும் அதில் அடக்கம். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. காற்றழுத்தமும் ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பது போலக் குறைந்திருக்கும். ஆகவே நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

செய்ய வேண்டியவை

* காரில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். விமானத்தில் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள்.
* முதல் நாள் இரவு இட்லி, இடியாப்பம் போதும். குமட்டல் வருபவர்கள் சிறு துண்டு சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.
* விமானம் இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள்.
* சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் இன்சுலினும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். லேகியம், தைல பாட்டில்களைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.
* சமையல் சாமானோடு கசகசாவைக் கட்டிவிடாதீர்கள். சிங்கப்பூரில் அதற்குத் தடை உண்டு.

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். மாத்திரை, இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மிக முக்கியமாக ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பாதமும் லேசாக வீங்கினால் பயம் வேண்டாம், காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் போட்டு நீவவே கூடாது! உள்ளே கட்டியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தைலத்தை நம்பும் சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: அப்போது நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.