முகவரி கொல்கத்தா; சரக்கு எங்கிருந்து?

புது தில்லி: ஹவுரா மாவட்டத்திலுள்ள சாந்த்ராகாச்சியைத் தமிழர்கள் ரயில் நிலையமாக அறிவர். வங்காளிகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் சேனைக்கிழங்குதான் நினைவுக்கு வரும். ஊர்ப் பெயரே சரக்கின் தரத்துக்குச் சான்றாக இருந்த வணிக மரபு அது. இணையச் சந்தையில் ஊர்ப் பெயரை அப்படி நம்ப முடிவதில்லை.

சாந்த்ராகாச்சியில் வசிக்கும் ஒருவர், விற்பவரின் முகவரி கொல்கத்தா என்று கண்டு ஒரு சாந்திபூர் சேலையை வாங்குவதாகக் கொள்வோம். ஆற்றைத் தாண்டினால் கொல்கத்தா. இரண்டு நாளில் வந்துவிடும், நெசவும் வங்காளத்து நெசவாகவே இருக்கும் என்பது அவர் கணக்கு. பார்சலோ சூரத் கிடங்கிலிருந்து புறப்பட்டுப் பத்து நாள் கழித்து வந்து சேருகிறது. விற்பவரைக் கேட்டால், கொல்கத்தாவில் அலுவலகம் இருப்பது உண்மைதானே என்பார்.

2020 ஜூலை 23-ம் தேதி அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைச் சந்தை நிறுவனம் காட்ட வேண்டும் என்கின்றன. வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால் தலைமை அலுவலகம், கிளைகள் அனைத்தின் முகவரியையும் தர வேண்டும். பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதும் வெளியிடப்பட வேண்டும். ஆனால், சரக்கு எந்த ஊர்க் கிடங்கிலிருந்து புறப்படும் என்று சொல்லும் கடமையை விதிகள் வெளிப்படையாக விதிக்கவில்லை. வாங்குபவர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

தாமதம் பற்றி விதிகள் மௌனமாக இல்லை. அறிவித்த கெடுவுக்குப் பின் வந்த பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க இயலாத காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. கெடுவை அறிவிப்பவரும் விற்பவர் தரப்பே என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பத்து நாள் என்று முதலிலேயே எழுதி வைத்தவர், பத்தாம் நாள் தந்தாலும் சட்டப்படி தாமதம் செய்தவர் ஆகமாட்டார்.

விற்பவர் கைவிட்டால் சந்தை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்ற யோசனையை 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவு முன்வைத்தது. நுகர்வோருக்கு உண்மையில் பயன் தந்திருக்கக் கூடியது அதுவே. பெருநிறுவனங்களின் எதிர்ப்புக்கிடையே அந்த வரைவு விதியாகாமல் நின்றுபோனது. 2025 நவம்பரில் வெளியான மற்றொரு வரைவு, தயாரிப்பு நாட்டின்படி பொருள்களைத் தேடிப் பிரிக்கும் வசதி வேண்டும் என்றது. சீனப் பொருளா, இந்தியப் பொருளா என்று அறிய அது உதவலாம். சூரத்தா, சாந்திபூரா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

பாதிக்கப்பட்டவருக்கு வழியே இல்லை என்பதல்ல. சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடர முடியும். நாடாளுமன்றம் 2019 ஆகஸ்டில் நிறைவேற்றிய புதிய சட்டம், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழி செய்தது. சாந்த்ராகாச்சிக்காரர் சூரத்துக்கு அலைய வேண்டாம். ஹவுரா மாவட்ட ஆணையமே போதும். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.