ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு நினைவகம்

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலைப் பற்றித் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. உயர் நீதிமன்ற மதிற்சுவரில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பல் எப்படி முடிந்தது என்ற கதை நம் ஊரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9ஆம் தேதி காலை, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுக் கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவுக்கு எம்டன் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த கடலடித் தந்திக் கம்பியையும் கம்பியில்லாத் தந்தி நிலையத்தையும் உடைக்க வேண்டும் என்பது திட்டம். படகுகள் கரை சேர்வதற்குள் நிலையத்து ஊழியர்கள் மோர்ஸ் கீயைத் தட்டிவிட்டார்கள். யாரென்று தெரியாத கப்பல் ஒன்று வாசலில் நிற்கிறது என்பதுதான் செய்தி. எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அந்தச் செய்தியை அமுக்கப் பார்த்தது, முடியவில்லை. சுமார் 50 கடல் மைல் தூரத்தில் ஆஸ்திரேலியப் படைகளுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த சிட்னி போர்க்கப்பலின் காதில் அது விழுந்தது. அன்று நண்பகலுக்கு முன்பே எம்டன் குண்டடிபட்டுத் திட்டில் ஏறி நின்றுவிட்டது.

இரண்டு உலகப் போர்களிலும் இப்படி எத்தனையோ திருப்பங்கள் வானொலியில் நடந்திருக்கின்றன. பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் கல் நட்டு வைக்கலாம். காற்றில் வந்து காற்றிலேயே போன ஒரு தந்தி ஓசைக்கு நினைவுச் சின்னம் எங்கே வைப்பது? காற்றிலேயே வைக்கலாம் என்று செய்து காட்டுகிறார்கள் ஹாம் வானொலிக்காரர்கள்.

ஹாம்கள் என்பவர்கள் சம்பளத்துக்கோ வியாபாரத்துக்கோ பேசுகிறவர்கள் அல்லர். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, சொந்த வீட்டில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் வைத்துக்கொண்டு, உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் இன்னொரு ஹாமுடனும் நேரடியாகப் பேசுகிறவர்கள். இடையில் செல்போன் கோபுரம் கிடையாது, இணையம் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் அரசு கொடுத்த ஒரு கால்சைன் உண்டு. அதுதான் காற்றில் அவர்கள் பெயர். இந்திய ஹாமின் கால்சைன் பெரும்பாலும் வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வியு2ஆர்ஜி.

நினைவு நாள், நூற்றாண்டு, விழா என்று வரும்போது இந்த வழக்கமான பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, சில நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் சிறப்புக் கால்சைன் ஒன்றை அரசிடம் கேட்டு வாங்குகிறார்கள். சர்வதேச ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விடி முதல் விடபிள்யூ வரை மட்டுமல்ல, ஏடி முதல் ஏடபிள்யூ வரையும், 8டி முதல் 8ஒய் வரையும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வழக்கத்தில் அதிகம் புழங்காத இந்த எழுத்துகள் சிறப்பு நிலையங்களுக்குக் கைகொடுக்கின்றன. வானொலி அலை ஆய்வின் முன்னோடி ஜகதீஷ் சந்திர போஸின் பிறந்தநாளான நவம்பர் 30ஐ ஒட்டி ஏயு2ஜேசிபி என்ற கால்சைன் காற்றில் கேட்பது ஹாம்களுக்குப் பழகிய விஷயம். கடைசி மூன்று எழுத்து அவர் பெயரின் முதலெழுத்துகள். அழைக்கிறவரெல்லாம் அந்த எழுத்துகளைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: கல்வெட்டை ஒருவர் பார்க்காமலே கடந்து போகலாம், கால்சைனை வாயால் சொல்லாமல் அந்த நிலையத்துடன் பேசவே முடியாது.

போர்க்கால நினைவு நிலையங்களில் பலருக்கும் தெரிந்தது லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் கப்பல். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது பீரங்கி முழக்கிய கப்பல் அது; இன்று அருங்காட்சியகம். அதன் வயர்லெஸ் அறையில் இருந்து ராயல் நேவி அமெச்சூர் வானொலிச் சங்கத்தினர் ஜிபி2ஆர்என் என்ற கால்சைனில் பேசுகிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் இப்படிப் பல நாட்டு அருங்காட்சியகக் கப்பல்கள் ஒரே நேரத்தில் காற்றில் ஏறுகின்றன. அமெரிக்காவின் நியூஜெர்சி போர்க்கப்பலில் இருக்கும் ஹாம் நிலையம் இதை ஒருங்கிணைக்கிறது. ஒரு காலத்தில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் ஹாம்கள் அந்த இரண்டு நாளும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துப் பேசி, 73 சொல்லி விடைபெறுகிறார்கள். 73 என்பது தந்திக் காலத்தில் இருந்து வரும் நல்வாழ்த்து எண்.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கிலும் ஒரு நிலையம் உண்டு, ஜிபி3ஆர்எஸ். ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகள் உடைக்கப்பட்ட இடம் அது. அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்ட மேதைகளைப் பற்றிப் படம் எடுத்தார்கள், புத்தகம் எழுதினார்கள். ஆனால் கணக்குப் போட முதலில் யாராவது செய்தியைக் கேட்டு எழுதித் தர வேண்டுமே? போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் ஹாம்களின் டிரான்ஸ்மிட்டர்களை அரசு எடுத்துக்கொண்டது. ரிசீவர் மட்டும் மிஞ்சியது. அப்படிப் பேச வாய்ப்பில்லாமல் காது மட்டும் மிச்சமிருந்தவர்களில் சுமார் 1,500 பேரை உளவுத்துறை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டது. பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவில் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஜெர்மன் உளவாளிகளின் மெல்லிய மோர்ஸை ஐந்தைந்து எழுத்தாகக் காகிதத்தில் எழுதினார்கள். அந்தத் தாள்கள் பார்னெட் என்ற ஊரின் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போயின. தாங்கள் எழுதுவது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வீட்டிலும் வாய் திறக்க முடியாது. அந்தத் தாள்களில் இருந்துதான் ஜெர்மன் ராணுவ உளவு அமைப்பின் சங்கேதங்கள் உடைபட்டன. இன்று அதே பிளெட்ச்லி பார்க்கில் ஹாம்கள் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். வெளிப்படையாக மட்டும்தான் பேச முடியும், ஏனென்றால் அமெச்சூர் அலைவரிசையில் நாடு விட்டு நாடு பேசும்போது பொருளை மறைக்கும் சங்கேத மொழியில் செய்தி அனுப்புவதற்குச் சர்வதேச விதிப்படி தடை.

இனி, விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு நிலையத்தைப் பிடிக்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்று பார்ப்போம். இருபது மீட்டர் செப்புக் கம்பி போதும். சரிபாதியாக வெட்டி, பத்துப் பத்து மீட்டராக இரண்டு கைகள். நடுவில் மின்கடத்தாத ஒரு துண்டு. கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பியை ஒரு கையிலும், மேலே சுற்றியிருக்கும் வலைக்கம்பியை மறு கையிலும் பற்ற வைக்க வேண்டும். இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றில் கட்டி, எதிரெதிராக நிற்கும் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே இழுத்துவிட்டால் 40 மீட்டர் பட்டைக்கான டைபோல் ஆன்டெனா தயார். கம்பியின் மொத்த நீளம் அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பம்பை ஆற்றங்கரைச் சமவெளி இதற்கு நல்ல இடம். நகரத்தில் ஹாம்களை வாட்டுவது மலையோ தூரமோ இல்லை, மலிவான எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் கிளப்புகிற மின் இரைச்சல். வயல்வெளியில் அது குறைவு. பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆன்டெனாவில் இருந்து கிளம்பும் சிற்றலை நிலத்தோடு ஒட்டிப் போனால் வெகுதூரம் போகாது. மேலே போகிற அலையைத்தான் நம்புகிறோம். தரைக்கு மேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று ஒரு போர்வையாக இருக்கிறது, அயனி மண்டலம். சிற்றலை அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்பும். தரையில் பட்டு மறுபடி மேலே போகும். மூன்று நான்கு தாவலில் ஐரோப்பா. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று 40 மீட்டர் அலையை நிறைய விழுங்கிவிடுவதால் அப்போது பக்கத்து மாநிலங்கள்தான் கேட்கும். சூரியன் சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும், தூரத்து நிலையங்கள் மெல்ல எழுந்து வரும். ஐரோப்பாவுக்கு மாலை நேரத்தில் 20 மீட்டர் பட்டை இன்னும் நல்லது. அதற்குக் கம்பியைப் பாதியாகக் குறைத்தால் போதும். அனுப்புவதற்கு நூறு வாட் தாராளம்.

முதலில் காதில் விழுவது மோர்ஸாக இருந்தால், டா-டி-டா-டிட், டா-டா-டி-டா என்று திரும்பத் திரும்ப வரும். சிக்யூ, அதாவது யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பு. அதைத் தொடர்ந்து சிறப்புக் கால்சைன். அந்த அழைப்பு முடிந்த நொடியில் நடப்பதைக் கேட்க வேண்டும்: பொங்கலுக்கு முந்தைய இரவு விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் ஒரு காலி வண்டி நுழைந்தது போல நூறு பேர் ஒரே நேரத்தில் பாய்வார்கள். அனுபவப்பட்ட ஆபரேட்டர் பதறமாட்டார். அந்த இரைச்சலில் இருந்து இரண்டு எழுத்தை மட்டும் பொறுக்கியெடுத்து, அந்த எழுத்துக்காரர் மட்டும் வரட்டும் என்பார். மற்றவர்கள் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும்; பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். ஐந்து ஒன்பது என்று ஒலித்தரம் சொல்லி, பதிலுக்கு வாங்கி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, அடுத்தவர். ஒருவருக்குச் சில விநாடிகள்தான். பிறகு, பேசியதை உறுதிசெய்து அஞ்சலில் வரும் க்யூஎஸ்எல் அட்டையில் கப்பலின் படமோ விமானத்தின் படமோ இருக்கும், பின்பக்கம் வரலாறு நாலு வரியில் இருக்கும். சில நிலையங்கள் போர்க்காலத்துப் பழைய கருவிகளையே துடைத்து, வால்வு மாற்றிப் பயன்படுத்துகின்றன. போருக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை ஹாம்களே தொழில் கற்றார்கள்.

போரும் ஹாம்களும் என்று பேசும்போது நம் நாட்டுக் கதையைச் சொல்லாமல் போகக்கூடாது. 1939இல் போர் வந்ததும் இந்திய ஹாம்களும் தங்கள் டிரான்ஸ்மிட்டர்களைப் போலீசிடம் ஒப்படைக்கும்படி உத்தரவானது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் கிளம்பி, தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போய், பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்ட நேரத்தில், பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையத்தைத் தொடங்கினார்கள். ராம் மனோகர் லோகியா துணை நின்றார். கருவியைக் கட்டித் தந்தவர்களில் நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூரும் ஒருவர். ஆகஸ்ட் 27 அன்று முதல் ஒலிபரப்பு. சுழலும் ஆன்டெனாவோடு போலீஸ் வண்டிகள் திசை பார்த்துக்கொண்டு சுற்றின. இரண்டு இடங்களில் இருந்து திசை பார்த்து இரண்டு கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அதனால் இவர்கள் வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12 அன்று ஒலிபரப்பின் நடுவிலேயே பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை.

காங்கிரஸ் ரேடியோ அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர். ஒளி ஒரு விநாடியில் போகும் 30 கோடி மீட்டரை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 7.09 மெகாஹெர்ட்ஸ். இன்று இந்திய ஹாம்களுக்கு 7.0 முதல் 7.2 வரை ஒதுக்கப்பட்டிருக்கும் 40 மீட்டர் பட்டைக்கு உள்ளேயே அது விழுகிறது. திருவாமாத்தூர்ப் பனைமரத்தில் கட்டச் சொன்ன அதே கம்பி, அதே அலைவரிசை. அன்று சிறைக்கு அனுப்பிய அந்த இடத்தில் இன்று பள்ளி மாணவர்கூட அரசின் உரிமத்தோடு பேசலாம்.

நம் கரைக்கும் பங்கு இருக்கிறது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையில் இருந்து பறந்த கேட்டலினா விமானத்தில் கனடாவின் லெனார்டு பிர்ச்சால், இலங்கையை நோக்கி வரும் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்துவதற்குள் அவருடைய விமானம் வயர்லெஸில் செய்தியைக் கொழும்புக்குச் சேர்த்துவிட்டது. மறுநாள் விழுந்த குண்டுகளை எதிர்கொள்ளக் கொழும்பு விழித்திருந்தது. அந்த வாரத்து அச்சத்தில்தான் சென்னையே காலியாகி, ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறி உள்நாட்டுக்கு ஓடினார்கள். அந்தப் போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் பல இடங்களில் விமானத் தளங்கள் எழுந்தன: சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டை. உளுந்தூர்பேட்டையில் அந்தப் பழைய ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. திருச்சி நெடுஞ்சாலையில் தினமும் எவ்வளவோ பேர் அந்த ஊரைத் தாண்டிப் போகிறார்கள். அங்கே ஒரு போர்க்கால ஓடுதளம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் சிலரைத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். முறையான அனுமதிகளையும் சிறப்புக் கால்சைனையும் வாங்கி, ஏதாவது ஓர் ஏப்ரலில் உளுந்தூர்பேட்டையில் ஒரு வார இறுதிக்கு ஒரு மேசை, ஒரு பேட்டரி, இருபது மீட்டர் கம்பியோடு உட்காருங்கள். ஊர்ப் பெரியவர்கள் போர்க்காலம் பற்றித் தம் பெற்றோரிடம் கேட்டதைச் சொல்வார்கள். அதை எழுதி வைத்து க்யூஎஸ்எல் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சொல்லும் வரலாறு பல நாடுகளின் பதிவேடுகளில் ஏறும்.

ஹாம் உரிமத் தேர்வை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. எளிய மின்னணுவியலும் வானொலி விதிகளும்தான் பாடம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 12 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் எவரும் எழுதலாம்.