எலும்பில் பதிந்த உணவு
ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ 99 விழுக்காடாக உள்ள கார்பன்-12, எஞ்சிய கார்பன்-13 ஆகிய இரண்டும் கதிரியக்கத்தால் சிதையாதவை ஆதலால் நிலையான ஐசோடோப்புகள் ஆகின்றன. நெல், கோதுமையைவிட மக்காச்சோளம், கரும்பு, கேழ்வரகு ஆகியவை ஒளிச்சேர்க்கையின்போது கார்பன்-13ஐக் கூடுதல் விகிதத்தில் ஏற்பதால், அவற்றை உண்போரின் எலும்பிலும் முடியிலும் அவ்வேறுபாடு பதிந்துவிடுகிறது. பழைய எலும்புத் துண்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைக்கும்போது கனிமம் கரைந்துபோக, கொலாஜன் என்னும் புரதம் மென்மையான எச்சமாக நிற்கும். அதை எரித்துக் கிடைக்கும் கரியமில வாயுவை நிறை நிறமாலைமானியில் அளந்து விகிதம் அறியப்படுகிறது. 1977இல் ஆய்வாளர்கள் வோகலும் வான் டெர் மெர்வேயும் நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த எலும்புகளை இவ்வாறு ஆராய்ந்து, அப்பகுதியின் பழங்குடியினரிடையே மக்காச்சோளம் முக்கிய உணவாக இடம்பிடித்ததைக் காட்டினர். அகழ்வில் கிடைக்கும் கருகிய தானிய மணி, பயிர் இருந்ததை உணர்த்தும். அது எந்த அளவு உண்ணப்பட்டது என்பதற்கு எலும்பே நேர்ச் சான்று. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், இன்று வாழ்பவரின் நீண்ட முடியிலிருந்து அவரது பல மாத உணவு மாற்றங்களை வரிசையாக அறிய முடிகிறது.