தமிழில் படித்த சத்திரசிகிச்சை

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. தமிழ் கற்றார்; மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்குப் பாடநூல்கள் இல்லை. அவரும் அவருடைய மாணவர்களும் அவற்றை மொழிபெயர்த்தார்கள்.

அவற்றுள் ஒன்று 1867இல் அச்சான 'இரண வைத்தியம்'. இங்கிலாந்தின் ட்ரூயிட் எழுதிய சத்திரசிகிச்சை நூலின் தமிழ் வடிவம் இது. கார்போலிக் அமிலத்தால் காயங்களில் சீழ் பிடிப்பதைத் தடுத்த அனுபவத்தை ஜோசப் லிஸ்டர் 'லான்செட்' இதழில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். உலகச் சத்திரசிகிச்சை திசை திரும்பிய அந்த வேளையில், யாழ்ப்பாணத்து மாணவன் கையில் அவன் தாய்மொழியிலேயே ஒரு பாடநூல் இருந்தது! நாம் இதைப் போதிய அளவு கொண்டாடவில்லை.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார்.

அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் வேலையைப் பின்னாளில் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் ஒருவரும் தோளில் ஏற்றார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது.

அவருடைய சமாதி, வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்லடி உப்போடைச் சிவானந்தா வித்தியாலய வளாகத்தில் இருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.