நாற்பத்தெட்டு மணி நேரமும் அதற்குப் பிறகும்

சிங்கப்பூரில் போலீஸ் ஒருவரைக் கைது செய்து விடுவிக்காவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தரும் உரிமை இது. அழைத்து வரும் பயண நேரம் கணக்கில் சேராது. காணொளி வழியே முன்னிறுத்தினாலும் செல்லும். இந்தியாவிலும் மலேசியாவிலும் இதற்கான கெடு 24 மணி நேரம்தான். ஆனால் 48 மணி நேரம் என்பது உச்சவரம்பு மட்டுமே. நியாயமற்ற தாமதம் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வது போலீசின் உரிமை அல்ல.

இந்தக் கெடு எவ்வளவு நெருக்கடியானது என்பதை லிட்டில் இந்தியா கண்கூடாகப் பார்த்தது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது; போலீஸ் கார்களும் ஆம்புலன்சும் எரிந்தன. செவ்வாய்க்கிழமையே 24 இந்தியத் தொழிலாளர்கள் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் திரண்ட இருட்டில் யார் கல்லெறிந்தார், யார் வேடிக்கை பார்த்தார் என்பதைப் பிரித்தறிய இரண்டு நாள் போதாது. ஒரே வாரத்தில், டிசம்பர் 17 அன்று, ஏழு பேர் மீதான குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஆகவே 48 மணி நேரத்தைப் புலன்விசாரணைக்கான கெடு என்று நினைத்தால் தவறு. நீதிமன்றத்தைக் கேட்காமல் காவலில் வைத்திருப்பதற்கு மட்டுமே அது கெடு. அதற்குள் ஒரு குற்றச்சாட்டைப் பதிந்துவிட்டு, மேற்கொண்டு ஆதாரம் திரட்டக் காவல் நீட்டிப்புக் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 238ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. மேலும் ஆதாரம் கிடைக்கும் என்று தோன்றினால், நீதிமன்றம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எட்டு நாள் வரை காவலில் வைக்க உத்தரவிடலாம். எட்டு நாள் முடிந்ததும் மறுபடி நீதிமன்றம். மறுபடி காரணம் சொல்ல வேண்டும். இத்தனை முறைதான் என்று அந்தப் பிரிவு எண்ணிக்கை எதையும் வரையறுக்கவில்லை.

இந்தியச் சட்டம் இங்கே வேறு வழியில் போகிறது. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதானவர் பிணையை உரிமையாகவே கேட்டுப் பெறலாம். தாமதத்துக்கான விலையைப் போலீஸ் தர வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இத்தகைய தானியங்கி ஏற்பாடு கிடையாது. நீதிபதி எத்தனை கறாராகக் கேள்வி கேட்கிறார் என்பதே கடிவாளம்.

காவலில் இருப்பவர் வழக்கறிஞரை எப்போது பார்க்கலாம்? அரசமைப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, நாள் குறிக்கவில்லை. கலவரத்துக்கு ஒரு மாதம் முன்பு, 'மெசையா' என்ற பெயரில் இணையத்தளங்களை ஊடுருவியதாகக் கைதானவரின் வழக்கில் இந்தக் கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. உரிமை உடனடியானதல்ல, நியாயமான காலத்துக்குள் தந்தால் போதும் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர் வந்தால் விசாரணை கெடும் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் அரசுத் தரப்பின் மேல் விழுந்தது. வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முந்தைய அந்தக் காலத்தில்தான் முதல் வாக்குமூலங்கள் பெரும்பாலும் பதிவாகின்றன என்பதால், இது சின்ன விஷயமில்லை.

பிணையில் வெளியே இருப்பவர்களுக்கோ கெடுவே இல்லை. பாஸ்போர்ட் போலீசிடம் இருக்கும், விசாரணை மாதக்கணக்கில் நீளும். வொர்க் பெர்மிட் ரத்தான வெளிநாட்டுத் தொழிலாளர் 'ஸ்பெஷல் பாஸ்' என்ற தாளை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு காத்திருப்பார். பொதுவாக அதை வைத்து வேலை பார்க்க முடியாது. காயம், சம்பளப் பாக்கி வழக்குகளுக்காகக் காத்திருப்போர் கையிலும் இதே தாள்தான். டிடபிள்யூசி2 தொண்டு அமைப்பு 2008 முதல் நடத்திவரும் 'கஃப் ரோடு' இலவச உணவுத் திட்டம் இப்படிச் சம்பளமின்றிக் காத்திருப்பவர்களுக்கானது. இன்னொரு பக்கம், கலவரத்தை ஒட்டி 57 பேர் வழக்கே இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டனர். வழக்கு இல்லாததால் கெடு பற்றிய பேச்சுக்கும் இடமில்லாமல் போயிற்று.

வழக்கு விசாரணையே இல்லாத தடுப்புக்காவல் தனி உலகம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதலில் 30 நாள் வரை, பிறகு உத்தரவுக்கு இரண்டு ஆண்டு வரை ஒருவரை அடைக்கலாம். உத்தரவைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சியா தை போ 1966இலிருந்து 23 ஆண்டு இப்படி இருந்தார். ரகசியக் கும்பல்களுக்கு எதிராக 1955இல் வந்த குற்றவியல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தை நினைவூட்டுவது. ஒரு உத்தரவுக்குப் பன்னிரண்டு மாதம் வரை காவல், மேலும் நீட்டிப்பு. கால்பந்து ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே நிர்ணயித்ததாக அடைக்கப்பட்ட டான் சீட் எங்கை, அவர் செயல் சிங்கப்பூரின் பொது அமைதிக்கு மிரட்டல் என்று காட்டப்படவில்லை எனக் கூறித் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான நீதிமன்றம் 2015 நவம்பரில் விடுவித்தது. சில நாளிலேயே அவர் மீண்டும் கைதானார். 2018இல், எந்தெந்தக் குற்றச்செயல்களுக்கு இச்சட்டம் பொருந்தும் என்ற பட்டியல் சேர்க்கப்பட்டு, அமைச்சரின் முடிவே இறுதியானது என்றும் எழுதப்பட்டது. பெயரில் 'தற்காலிக' என்று இருந்தாலும், நாடாளுமன்றம் வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீட்டித்துவரும் இச்சட்டம் இப்போது 2029 வரை செல்லும்.