பிள்ளையின் வாய்ப்புண்ணும் புற்றுநோய் மருந்தும்

புற்றுநோய்க்கு மருந்தேற்றி வீடு திரும்பிய பிள்ளைக்குச் சில நாட்களில் வாய் அவிந்து புண்ணாவதுண்டு. அதை "உடம்புச் சூடு" என்கிறோம். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று சிகிச்சையை நிறுத்தவும் எண்ணுகிறோம். இரண்டும் தவறு.

விரைந்து பெருகும் கலங்களை அழிப்பதே இம்மருந்துகளின் வேலை. வாயின் உட்புறக் கலங்களும் விரைந்து பெருகுவன. ஆகவே அவையும் அழிகின்றன. பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களில் புண் தோன்றி, இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடும்.

ஆனால், அதே நாட்களில் இரத்தத்தின் வெண்கலங்களும் குறைகின்றன. புண் வழியே கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியரைக் கேளாமல் பனடோல் கொடுக்கக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை பல:

- மென்மையான பற்தூரிகையால் தினமும் இருமுறை பல் துலக்குதல்.
- கொதித்தாறிய நான்கு கோப்பை நீரில் உப்பும் அப்பச்சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கரைத்து, உணவுக்குப் பின்னும் படுக்குமுன்னும் கொப்பளித்துத் துப்பச் செய்தல்.
- ஆறிய கஞ்சி, மசித்த பூசணி, உறைப்பில்லாத சொதியில் ஊறிய இடியப்பம் கொடுத்தல். மிளகாய், தேசிக்காய், அன்னாசி, முறுக்கு வேண்டாம்.
- தண்ணீரும் குடிக்க முடியாவிட்டால், வாயில் வெண்படை அல்லது இரத்தக் கசிவு கண்டால், வைத்தியரிடம் காட்டுதல்.

தேன், மூலிகைச் சாறு முதலியவற்றை நாமாகப் பூச வேண்டாம். மருந்தைத் தள்ளிவைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். குறித்த தவணைக்குப் பிள்ளையைத் தவறாது கூட்டிச்செல்வது நம் கடமை.